மேஸ்திரியோடு எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் வீடு கட்டும் பேச்சு பெரும்பாலும் ஒரு தாம்பாளத்தில் முடிந்துவிடுகிறது. வெற்றிலை பாக்கு, பழம், அதன்மேல் ஆயிரத்து ஒரு ரூபாய் அச்சாரம். சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. வாஸ்து நாள் பார்த்துப் பூஜை. பேஸ்மட்டம் வரைக்கும் எல்லாம் சுமுகமாகப் போகும். லிண்டல் மட்டத்தில் முகம் லேசாகச் சுருங்கும். ரூப் கான்கிரீட் போட்ட மறுவாரம், மாடிப்படிக்கு மேலே எழுப்பிய ஹெட்ரூமைச் சதுர அடியில் சேர்ப்பதா வேண்டாமா என்று இரண்டு பேரும் முறுக்கிக்கொண்டு நிற்பார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு முன் பேசியது இருவருக்கும் இருவிதமாக நினைவிருக்கிறது.

ஒப்பந்தம் அந்த வாரத்துக்குத்தான் தேவை. கோர்ட்டில் காட்டுவதற்காக எழுதுவது என்று நினைப்பவர்கள் அதை வக்கீல் தமிழில் எழுதிப் பீரோவில் பூட்டிவிடுகிறார்கள். சாரத்தின் அடியில் நின்றுகொண்டு பிரித்துப் பார்க்க உதவாத தாளால் பயன் இல்லை. மேஸ்திரி பேசும் சொல்லிலேயே, அவர் அளக்கும் அளவிலேயே எழுதுங்கள். எழுதி முடித்ததும் மனையில் உட்கார்ந்து உரக்க வாசியுங்கள். "இது என்னங்க?" என்று அவர் கேட்கிற வரி எதுவோ, அதைத் திருத்துங்கள்.

வாயால் பேசியது செல்லாதா?

செல்லும். கொத்து வேலைக்கான உடன்பாடு எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் சொல்லவில்லை. இன்னும் ஒரு படி மேலே போய், அதன் 70-ஆவது பிரிவு, இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல் ஒருவர் முறையாகச் செய்துகொடுத்த வேலையின் பயனை மற்றவர் அனுபவித்தால் அதற்கு ஈடு கொடுத்தாக வேண்டும் என்கிறது. அதனால் "எதையும் எழுதிக்கொள்ளவில்லையே, பணம் எதற்கு?" என்று எந்த உரிமையாளரும் தப்ப முடியாது.

சிக்கல் நிரூபிப்பதில் இருக்கிறது. எவ்வளவு வேலை, எந்தத் தரத்தில், என்ன விலைக்கு என்பதை வாய்ப்பேச்சில் நிறுவுவது பாடு. இதற்கு மறுபக்கமும் உண்டு. எழுத்தில் ஒரு ஒப்பந்தம் வந்துவிட்டால், அதில் உள்ளதற்கு மாறாக வாயால் பேசியதைச் சாட்சியமாகக் கொண்டுவருவதைச் சாட்சியச் சட்டம் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. எனவே "பரணை என் கணக்குல போட்டுத் தர்றேங்க" என்று மேஸ்திரி பெருந்தன்மையாகச் சொன்னாலும் அதையும் எழுதிவிடுங்கள். பாதி எழுதி மீதியை நம்பிக்கைக்கு விடுவது, எதையும் எழுதாததைவிட மோசம்.

கூலி ஒப்பந்தமா, பொருளோடு ஒப்பந்தமா?

நாள்கூலிக்குக் கொத்தனார், சித்தாள் அமர்த்தி நீங்களே நின்று வேலை வாங்குவது ஒரு வகை. சதுர அடிக் கணக்கில் ஆள் கூலியை மட்டும் மேஸ்திரியிடம் விட்டு, செங்கல், சிமென்ட், கம்பி, ஜல்லி எல்லாம் நீங்கள் வாங்கிப்போடுவது லேபர் கான்ட்ராக்ட். பொருளும் ஆளும் சேர்த்துச் சாவியைக் கையில் தருவது முழு கான்ட்ராக்ட். டெல்டா ஊர்களில் இரண்டாவது வகை அதிகம். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்துகொண்டு பட்டுக்கோட்டையிலும் மன்னார்குடியிலும் கட்டுபவர்கள் மூன்றாவதற்குப் போகிறார்கள்.

என் யோசனையைக் கேட்டால், ஊரில் தினமும் மனைக்குப் போய் நிற்க ஆள் இருந்தால் லேபர் கான்ட்ராக்ட். இல்லையென்றால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் முழு கான்ட்ராக்ட். இரண்டுங்கெட்டானாக, "சிமென்டும் கம்பியும் நான் தர்றேன், மத்தது நீங்க" என்று பிரிப்பதுதான் சண்டைக்கு வாசல் திறக்கிறது. கட்டுக்கம்பி யார் வாங்குவது, கவர் பிளாக் யாருடையது என்று வாரம் ஒரு பேச்சு வரும்.

எந்த வகையாக இருந்தாலும் சில சில்லறைச் செலவுகளைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். சென்ட்ரிங் பலகையும் முட்டும் யார் கணக்கு? மிக்ஸர், வைப்ரேட்டர் வாடகை? தற்காலிக மின் இணைப்பின் பில்? ஜேசிபி? நிலை வைக்கும் நாளிலும் கான்கிரீட் நாளிலும் கொடுக்கும் வேட்டி துண்டு, சாப்பாடு? காலி சிமென்ட் சாக்கும் கம்பித் துண்டுகளும் யாருக்கு? கடைசிக் கேள்வியைப் படித்துச் சிரிப்பவர்கள் இன்னும் வீடு கட்டாதவர்கள்.

சதுர அடி என்றால் எது?

சண்டைகளில் பெரும்பங்கு இந்த ஒரு சொல்லில் இருந்து கிளம்புகிறது. வெளிச்சுவரின் வெளி விளிம்பிலிருந்து மறு வெளி விளிம்பு வரை அளப்பது மேஸ்திரிகளின் வழக்கம். உரிமையாளரோ பாய் விரிக்கும் இடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பேசியிருப்பார். முக்காலடிச் சுவர் சுற்றிலும் ஓடினால் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சிறிய அறை அளவுக்கு வந்துவிடும்.

அதற்கப்புறம் போர்ட்டிகோ முழுக்கணக்கா, அரைக்கணக்கா? படிக்கட்டு தரைத்தளத்தில் ஒருமுறை, மேல்தளத்தில் ஒருமுறை சேருமா? ஹெட்ரூம், சன்ஷேடு, பரணை, கைப்பிடிச் சுவர், சமையல் மேடை, அலமாரிக் கடப்பா இதெல்லாம் சதுர அடி விலையில் அடக்கமா? தரைத் தொட்டிக்கும் செப்டிக் டேங்குக்கும் லிட்டர் கணக்கு, காம்பவுண்டுச் சுவருக்கு ஓட்ட அடிக் கணக்கு என்பது பரவலான பழக்கம். ஆனால் அந்த விலை என்ன என்பதை வேலை தொடங்கும் முன் யாரும் கேட்பதில்லை. தொட்டி கட்டி முடித்த பிறகு கேட்கிறார்கள்.

இப்படி எழுதலாம்: "அளவு என்பது ஒவ்வொரு தளத்திலும் வெளிச்சுவரின் வெளிப்புறம் முதல் வெளிப்புறம் வரை, பூச்சுக்கு முன். திறந்த போர்ட்டிகோ பாதிக் கணக்கு. ஹெட்ரூம் முழுக் கணக்கு. சன்ஷேடு, பரணை, சமையல் மேடை, இரண்டரை அடி உயரக் கைப்பிடிச் சுவர் ஆகியவை விலையில் அடக்கம், அளவில் சேராது. தரைத் தொட்டி, செப்டிக் டேங்க் லிட்டருக்கு ரூ. ___. காம்பவுண்டு ஓட்ட அடிக்கு ரூ. ___." பாதியா முழுசா என்பது உங்கள் பேரம். ஏதோ ஒன்று தாளில் இருப்பதுதான் முக்கியம். வரைபடத்தின் நகல் ஒன்றில் சேரும் இடங்களை மஞ்சளும், சேராதவற்றைச் சிவப்பும் தீட்டி இருவரும் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது.

அளவின் பெயரைச் சொல்லி எழுதும் பழக்கம் இந்த ஊருக்குப் புதியதல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் கொடுத்த பொன்னை "ஆடவல்லான்" என்னும் கல்லாலும், நகைகளைத் "தட்சிணமேரு விடங்கன்" என்னும் கல்லாலும் நிறுத்ததாக வெட்டியிருக்கிறார்கள். நெல்லை அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். இவ்வளவு பொன் என்று மட்டும் எழுதிவிட்டு, எந்தக் கல்லால் நிறுத்தது என்பதை விட்டிருந்தால் கணக்கு நின்றிருக்காது. பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயர் வரை கல்லில் இருக்கிறது. நம் மேஸ்திரியின் முழுப்பெயர் நமக்கே தெரிவதில்லை.

மண்ணுக்கு ஒரு பக்கம்

சென்னையில் அச்சடித்த மாதிரி ஒப்பந்தங்களில் இது இருக்காது. நம் பக்கம் இருந்தே ஆக வேண்டும். காவிரியும் வெண்ணாறும் பாயும் பழைய டெல்டாவில் வண்டல் களிமண். மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும் மண் பல இடங்களில் உண்டு. நிலத்தடி நீரும் மேலேயே நிற்கும். வல்லம், செங்கிப்பட்டிப் பக்கம் போனால் செம்மண் மேடு, கதையே வேறு. அங்கே கட்டிப் பழகிய மேஸ்திரி திருத்துறைப்பூண்டியில் அதே ஆழத்துக்குக் கடைக்கால் போட்டால் மூன்றாம் கோடையில் சுவரில் விரிசல் தெரியும்.

இப்போது மனையாக விற்பவை பலவும் நேற்றுவரை நாற்று நட்ட வயல். மேலே கிராவலைக் கொட்டி மட்டம் பண்ணியிருப்பார்கள். அடியில் பழைய சேறு அப்படியே இருக்கும். ஆகவே ஆழத்தைப் பேசி முடிக்கும் முன் ஒரு பொறியாளரைக் கூப்பிட்டு மண் பரிசோதனை செய்யுங்கள். வீட்டுச் செலவில் அது சிறு தொகை. உப்பி வெடிக்கும் களிமண் ஆழமாக இருந்தால் அடியில் குமிழ் விட்ட பைல் அடித்தளத்தை அவர் சொல்லக்கூடும். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த முறை அது. ஆழமான உப்பும் களிமண்ணில் அந்தப் பைல் குறைந்தது 3.5 மீட்டர் இறங்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. தோண்டும்போது "பத்தடி போதுங்க" என்று யாராவது சொன்னால் நிறுத்தச் சொல்ல உங்களிடம் எழுத்து வேண்டும்.

ஒப்பந்தத்தில் மண்ணுக்காக நான்கு விஷயம் எழுதுங்கள். வானம் தோண்டும் ஆழம் இத்தனை அடி, கெட்டி மண் கிடைக்காமல் மேலும் போனால் கூடுதல் அடிக்கு இன்ன விலை. இந்த விலையை முன்பே எழுதாவிட்டால் குழிக்குள் நின்றுகொண்டுதான் பேரம் நடக்கும். அப்போது உங்கள் கை தாழ்ந்திருக்கும். அடுத்தது, குழியில் ஊறும் தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்கும் செலவு யாருடையது என்பது. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் ஊற்று ஏறும். தரைத் தொட்டியையும் செப்டிக் டேங்கையும் சித்திரை வைகாசியில் முடித்துவிடுவது இருவருக்கும் லாபம். மூன்றாவது, பேஸ்மட்டத்துக்குள் நிரப்பும் மண்: ஒன்பது அங்குல அடுக்காகக் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்க வேண்டும் என்று அந்தச் சொற்களிலேயே எழுதுங்கள். ஒரேயடியாகக் கொட்டி மூடிய மண் இரண்டு மழைக்குப் பிறகு இறங்கும். டைல்ஸும் கூடவே இறங்கும். நான்காவது, அந்த மண்ணுக்குப் பணம் லாரி லோடு கணக்கிலா, இறுகிய பின் அளந்த கன அடியிலா என்பது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி உங்களை ஆச்சரியப்படுத்தும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரத்தில் கட்டுபவர்கள் இன்னொரு வரி சேர்க்க வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கான்கிரீட்டுக்கும் நீராற்றலுக்கும் நல்ல தண்ணீர் யார் கொண்டுவருவது? உப்புத் தண்ணீரில் கலந்த கான்கிரீட் உள்ளிருக்கும் கம்பியைத் தின்றுவிடும்.

பொருளின் தரம்

"முதல் தரம்", "நல்ல கம்பெனி" போன்ற சொற்களை அடித்துவிடுங்கள். அவற்றை அளக்க முடியாது. சிமென்ட் இன்ன வகை, கம்பி Fe 500 அல்லது Fe 550D, கான்கிரீட் எம்20-க்குக் குறையாமல், கட்டுக்கு ஆற்று மணலா எம்-சாண்டா, பூச்சுக்கு பி-சாண்டா, செங்கல் சேம்பரா நாட்டுச் செங்கலா என்று பெயரிட்டு எழுத வேண்டும். ஆற்று மணல் கிடைப்பதும் விலையும் அரசு குவாரிகளைப் பொறுத்து ஏறி இறங்கும். முழு கான்ட்ராக்டில், மணல் கிடைக்காவிட்டால் எதற்கு மாறலாம், யார் சம்மதித்தால் மாறலாம் என்பதும் தாளில் இருக்கட்டும்.

கம்பியில் ஏமாறாமல் இருக்க ஒரு கணக்கு உண்டு. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 8 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.395 கிலோ, 12 மி.மீ. 0.888 கிலோ. 12 மீட்டர் நீளமுள்ள 12 மி.மீ. கம்பி ஒன்று ஏறத்தாழ 10.66 கிலோ இருக்க வேண்டும். கொஞ்சம் கூடக் குறைய இருப்பதைத் தர விதியே அனுமதிக்கிறது. ஒன்பது கிலோவுக்கு இறங்கினால் அந்த லோடைத் திருப்பி அனுப்பலாம்.

இரண்டு விஷயத்தை நாள் கணக்கில் எழுதுங்கள். ஐஎஸ் 456 என்ற இந்தியத் தர விதி, சாதாரண சிமென்ட் கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்த பிபிசி போன்ற சிமென்டுக்கு 10 நாளும் ஈரம் காயாமல் வைக்கச் சொல்கிறது. ரூப் அடியில் நிற்கும் முட்டுகளைச் சாதாரண சிமென்டில் 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாளுக்கும், அதற்கு மேல் 14 நாளுக்கும், பீம்களுக்கு 6 மீட்டர் வரை 14 நாளுக்கும் முன்னால் எடுக்கக் கூடாது. பிபிசிக்கு இன்னும் கூட்டித்தான் வைக்க வேண்டும். அந்த நாள் எண்ணிக்கையைப் பொறியாளரிடம் கேட்டு நிரப்புங்கள். சென்ட்ரிங்காரருக்கு அடுத்த வேலைக்குப் பலகை தேவைப்படும். அவர் ஐந்தாம் நாள் வந்து நிற்பார். தண்ணீர் ஊற்றுவது யார் பொறுப்பு என்பதும் விட்டுப்போகும் வரி. லேபர் கான்ட்ராக்டில் பெரும்பாலும் அது வீட்டுக்காரர் தலையில் விழுகிறது. உங்கள் தலையிலென்றால் அதையும் ஒப்புக்கொண்டு எழுதுங்கள். பிறகு விரிசலுக்கு மேஸ்திரியை மட்டும் குறை சொல்ல முடியாது.

பணம்: கட்டமும் சனிக்கிழமையும்

புத்தகங்கள் கட்டம் கட்டமாகப் பணம் கொடுக்கச் சொல்கின்றன. மேஸ்திரியின் வாழ்க்கை சனிக்கிழமை மாலையில் நடக்கிறது. அன்று கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வாரக்கூலி பட்டுவாடா செய்யாவிட்டால் திங்கட்கிழமை ஆள் வராது. "லிண்டல் முடிந்தால்தான் பணம்" என்று மட்டும் எழுதினால், அவர் வட்டிக்கு வாங்கிக் கூலி கொடுப்பார், அல்லது வேறொரு மனையில் முன்பணம் வாங்கி உங்கள் ஆட்களுக்குக் கொடுப்பார். இரண்டாவதைச் செய்தால் அடுத்த வாரம் உங்கள் ஆட்கள் அந்த மனையில் இருப்பார்கள். உரிமையாளரை மட்டும் காப்பாற்றும் ஒப்பந்தத்தை மேஸ்திரி உடைப்பதில்லை, விட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

எனவே இரண்டையும் கோத்து எழுதுங்கள். மொத்தக் கூலியை நூறாக வைத்துக்கொண்டால் என் பங்கீடு இது: தொடக்கத்தில் 5, பேஸ்மட்டம் முடிந்ததும் 15, லிண்டலில் 15, ரூப் கான்கிரீட்டில் 25, உள்ளும் புறமும் பூச்சு முடிந்ததும் 20, தரை வேலையில் 10, ஒப்படைக்கும்போது 5, நிறுத்திவைப்பு 5. ஒவ்வொரு சனியன்றும் அந்தக் கட்டத்துக்கான தொகையிலிருந்து ஒரு பங்கைப் பற்றாகக் கொடுத்து, கட்டம் முடிந்ததும் கழித்துக்கொள்ளுங்கள். கட்டத்தின் மொத்தத் தொகையைப் பற்று ஒருபோதும் தாண்டக் கூடாது என்ற வரிதான் உயிர்நாடி. ரூப் முடியும்போது கொடுத்தது 60-ஐத் தாண்டியிருந்தால் கவலைப்படுங்கள். வீடு எழும்பிவிட்டதுபோலத் தெரியும் அந்த நேரத்தில்தான் ஆள் கூலியை விழுங்கும் பூச்சு வேலை மிச்சமிருக்கும்.

உங்கள் பக்கத்துக் கடமையையும் எழுத வேண்டும். சம்பா அறுத்து, நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் உங்களால் அடுத்த கட்டத்துக்குக் கொடுக்க முடியும் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வங்கிக் கடனென்றால் தவணை எந்தக் கட்டத்தில் வரும் என்று கேட்டு, ஒப்பந்தக் கட்டங்களை அதற்கேற்ப அமையுங்கள். கட்டம் முடிந்து இத்தனை நாளுக்குள் பணம் வராவிட்டால் மேஸ்திரி வேலையை நிறுத்தலாம், அந்த நாட்கள் தாமதக் கணக்கில் சேராது என்று ஒரு வரி போடுங்கள். அதைக் கேட்டதும் அவர் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

பெரிய தொகைகளை வங்கி வழியாகவோ ஜிபே வழியாகவோ அனுப்பி, குறிப்பில் கட்டத்தின் பெயரைப் போடுங்கள். சனிக்கிழமை ரொக்கத்துக்கு ஒரு பற்று வரவு நோட்டு வைத்து, ஒவ்வொரு வரியிலும் அவர் கையெழுத்து வாங்குங்கள்.

நடவு, மழை, முகூர்த்தம்

"ஆறு மாதத்தில்" என்று எழுதும் முன் நாட்காட்டியைப் பாருங்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் குறுவைக்குத் திறக்கும். தண்ணீர் வந்ததும் சித்தாள் வேலைக்கு வரும் பெண்கள் நடவுக்குப் போவார்கள். இயந்திர நடவும் வடமாநிலக் குழுக்களும் வந்த பிறகு இது குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. தை மாசியில் சம்பா அறுவடை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறிய பிறகு பல மாதங்களுக்கு டெல்டாவில் ஆளும் பொருளும் எவ்வளவு திணறின என்பது இன்னும் மறக்கவில்லை.

மழை நாட்களையும் இயற்கைச் சீற்றத்தையும் தாமதத்திலிருந்து கழிக்க வேண்டும். ஆனால் அந்தந்த நாளே நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும். கடைசியில் "நாப்பது நாள் மழைங்க" என்று மொத்தமாகச் சொல்வதை ஏற்காதீர்கள். தாமதத்துக்கு வாரம் இவ்வளவு பிடித்தம் என்று எழுதலாம். ஆனால் ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான ஈட்டைத்தான் நீதிமன்றம் தரும். மேஸ்திரியைப் பயமுறுத்த வாரம் ஒரு லட்சம் என்று எழுதுவதில் பொருளில்லை. பத்திரிகை அச்சடித்து, தையில் கிரகப்பிரவேசம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டால் பேரத்தில் நீங்கள் தோற்றாகிவிட்டது. பூச்சு முடிந்த பிறகு முகூர்த்தம் குறியுங்கள்.

கூடுதல் வேலைக்கு ஒரு நோட்டு

பொதுப்பணித் துறையில் எம்-புக் என்று ஒன்று உண்டு. அளவுப் புத்தகம். செய்த வேலையை அளந்து அதில் ஏற்றி, ஒப்பந்தக்காரர் கையெழுத்திட்ட பிறகுதான் பில். வீட்டுக்கும் அதே முறையில் ஒரு அறுபது ரூபாய் நோட்டுப் போதும். தேதி, என்ன கூடுதல், அளவு, விலை, இரண்டு கையெழுத்து.

அதைவிட முக்கியம், யார் சொன்னால் கூடுதல் வேலை என்பது. வீட்டுக்காரர் துபாயில் இருப்பார். அப்பா காலையில் வந்து ஜன்னலை நகர்த்தச் சொல்வார், மைத்துனர் மாலையில் வந்து அலமாரி கேட்பார், அம்மா பூஜை அறையைப் பெரிதாக்கச் சொல்வார். "அம்மா சொன்னாங்க, செஞ்சேன்" என்று மேஸ்திரி சொன்னால் அதில் தவறில்லை. ஒப்பந்தத்தில் ஒரே ஒருவர் பெயரை எழுதி, "இவர் கையெழுத்தோ வாட்ஸ்அப் செய்தியோ இல்லாமல் செய்த மாற்றத்துக்குப் பணம் இல்லை, இவர் சொல்லி இடித்துக் கட்டியதற்குப் பணம் உண்டு" என்று முடியுங்கள். வாட்ஸ்அப் செய்தியைச் சாட்சியமாகக் காட்டலாம். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவு கேட்கும் சான்றிதழ் அதோடு இருக்க வேண்டும். ஃபோனை மாற்றும்போது பழையதை விற்றுவிடாதீர்கள்.

ஒரு மழை பார்த்த பிறகு

அடுக்குமாடி வீட்டை விற்பவருக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் ஐந்து ஆண்டு குறை நீக்கும் கடமையைச் சுமத்துகிறது. உங்கள் மனையில் உங்களுக்காகக் கட்டும் மேஸ்திரிக்கு அது பொருந்தாது. எழுதிக்கொண்டால் மட்டுமே உண்டு. நிறுத்திவைத்த 5 சதவீதத்தை "ஆறு மாதம்" என்று எழுதாமல், "ஒப்படைத்த பின் வரும் முதல் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து, மார்கழி முதல் வாரத்தில்" என்று எழுதுங்கள். தையில் ஒப்படைத்த வீட்டுக்கு ஆறு மாதம் ஆடியில் முடிந்துவிடும். ஒழுகல் ஐப்பசியில்தான் தெரியும். ஒழுகல், தரை இறக்கம், குழாய்க் கசிவு ஆகியவற்றை இத்தனை நாளில் வந்து சரிசெய்யாவிட்டால் அந்தத் தொகையில் வேறு ஆள் வைத்துச் செய்யலாம் என்றும் சேருங்கள். மழை முடிந்து குறையில்லை என்றால் அவர் கேட்கும் முன் கொடுத்துவிடுங்கள். ஊரில் உங்கள் பெயர் அதில்தான் இருக்கிறது.

தாள், கையெழுத்து

இதுபோன்ற சாதாரண உடன்படிக்கைக்குத் தமிழ்நாட்டில் 2024 மே முதல் 200 ரூபாய் முத்திரைத்தாள். அதற்கு முன் 20 ரூபாய். வெள்ளைத் தாளில் எழுதியிருந்தாலும் ஒப்பந்தம் செத்துவிடாது. சாட்சியமாகக் காட்டும்போது குறைந்த கட்டணத்தையும் பத்து மடங்கு வரை அபராதத்தையும் கட்ட நேரும். நோட்டரி முத்திரை கட்டாயமில்லை.

மேஸ்திரியின் பட்டப்பெயர் போதாது. ஆதாரில் உள்ள பெயர், தகப்பனார் பெயர், முகவரி, அடையாள அட்டையின் நகல் வேண்டும். உங்களுடையதையும் கொடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இருவர் கையெழுத்து, கடைசியில் இரண்டு சாட்சிகள். இரண்டு அசல் எழுதி ஆளுக்கு ஒன்று. கட்டட அனுமதி வாங்குவது உங்கள் வேலை என்பதையும் குறியுங்கள். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு, 2024 ஜூலை முதல் சுயசான்றிதழ் முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. வேலையாட்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சாரத்திலிருந்து ஒருவர் விழுந்த பிறகு கேட்பதைவிட இது எளிது.

சண்டை வந்தால்

வீட்டுக் கட்டுமானமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் சேவைதான் என்பதை லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே. குப்தா வழக்கில் 1993-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இப்போதைய 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் சேவை என்பதன் வரையறையில் அது இருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு ஆண்டுக்குள். நாள்கூலிக்கு ஆள் வைத்து நீங்களே வேலை வாங்கியிருந்தால் இந்த வழி கடினம். சொந்தப் பணியாளர் போன்ற அந்த உறவைச் சட்டம் சேவையிலிருந்து விலக்கியிருக்கிறது.

மேஸ்திரிக்குப் பணம் வரவேண்டியிருந்தால் அவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம். பணம் தரும் காலம் குறிக்காத வேலைக்கு, வேலை முடிந்து மூன்று ஆண்டுக்குள். இரு தரப்புக்கும் இவற்றுக்கு முன்னால் ஒரு வாசல் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்த்துவைப்பார்கள். அங்கே ஒப்புக்கொண்டது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.

எங்கே போவதானாலும் முதலில் இருவருக்கும் பொதுவான ஒரு பொறியாளரை வைத்து, செய்த வேலையை அளந்து, படமெடுத்து, தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். ஒரு தரப்பு வர மறுத்தால் பதிவுத் தபாலில் நாள் குறித்து அறிவித்துவிட்டு அளக்கலாம். அளப்பதற்கு முன் வேறு ஆள் வைத்து வேலையைத் தொடர்ந்துவிட்டால், எது யார் கட்டியது என்று பிறகு பிரிக்க முடியாது. மனுவோடு ஒப்பந்தம், பற்று வரவு நோட்டு, கூடுதல் வேலை நோட்டு மூன்றின் நகலையும் இணையுங்கள். அசலை யார் கேட்டாலும், விசாரணை நாள் வரை, கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.